பதினொரு வீட்டுத் தயிர்

சென்னியப்பன் ஒரு நாளைக்குப் பதினொரு காபி குடிப்பான். படுக்கப் போகுமுன் குடிக்கும் பன்னிரண்டாவதை அவன் சேர்ப்பதில்லை. "அது காபி இல்லீங்க, பழக்கம்" என்பான்.

நாற்பத்து மூன்று வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி பார்க்கும் வேலை. இந்த 2041இல் துணியை எல்லாம் கேமராக்கள்தான் பார்க்கின்றன. இருந்தாலும், கடைசியில் ஒரு மனிதன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாங்குகிற நாட்டுக்காரர்கள் சட்டம் வைத்திருக்கிறார்கள். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். விட்டுப்போன பின்னல் கண்ணி, எண்ணெய்க் கறை, ஊசி இழுத்த கோடு, இவற்றைக் கண்டதும் மிதிகட்டையை அழுத்தி நிறுத்த வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைச் செய்துவந்தான். கடந்த ஒரு வருடமாக முடியவில்லை. கண் திறந்திருக்கும். துணி ஓடும். நடுவில் ஆள் இருக்கமாட்டான்.

பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் கண் மூடும். ஆறு மணிக்கு எழுந்தால் தலை தூக்காது, அதனால் காபி. காபி குடித்ததால் மறுபடி தூக்கம் வராது. இந்த வட்டத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு எந்த மருத்துவரும் தேவைப்படவில்லை. வெளியே வரத்தான் வழி தெரியவில்லை. பதினொன்றை ஒன்பதாக்கினான், ஒன்பதை ஏழாக்கினான். இரண்டாம் நாளே நெற்றிப்பொட்டில் ஆணி இறங்கும். எங்காவது ஒரு சாவு விழும், கல்யாணம் வரும், மறுபடி பதின்மூன்றில் வந்து நிற்பான். அவனுக்கும் ஒரு கல்யாணம் நடந்து நாலு வருடத்தில் முடிந்திருந்தது. தூங்காத மனுசனோடு ஒரே அறையில் கிடக்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். அது நியாயம்தான் என்று அவனே நினைத்தான்.

அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மூன்று ரோல் துணியில் ஊசிக்கோடு இருந்து, சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. மேனேஜர் கௌசிக் கூப்பிட்டனுப்பினான். முப்பத்து நாலு வயது, கையில் கோப்பை இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"அண்ணா, மூணு மாசம். கார்த்திகை கடைசியில உங்களுக்கு ஒரு கண் டெஸ்ட் வைக்கச் சொல்லிட்டாங்க. இருவது ரோல் ஓட்டுவோம். அதுல நாப்பது குறையை நாங்களே ஒளிச்சு வைப்போம். முப்பத்தெட்டாவது பிடிக்கணுங்கண்ணா."

"பிடிக்கலீன்னா?"

கௌசிக் கோப்பைக்குள் பார்த்தான். "வேற ஆளைப் பாக்கணும்."

அந்த வாரம்தான் பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரத்தைச் சென்னியப்பன் பார்த்தான். காபியை விட முடியாதவர்கள் தேவை, கோவையில் ஒரு ஆய்வுக்கு. தனக்காகவே யாரோ ஒட்டியது போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனான்.

ஆய்வை நடத்தியவர் டாக்டர் பர்வீன். மெலிந்த, வேகமாகப் பேசுகிற பெண்.

"காபிக்கொட்டையைத் துளைக்கிற வண்டு ஒண்ணு இருக்குங்க. கொட்டைக்குள்ளயே குடித்தனம், சாப்பாடு, எல்லாம். அது தின்கிற அளவுக்கு நீங்க குடிக்கணும்னா ஒரு நாளைக்கு நானூறு காபி. ஆனா அது நல்லாத் தூங்குது."

"அதெப்படிங்க?"

"அதோட வயித்துல ஒரு பாக்டீரியா. காஃபின் ரத்தத்துல ஏறுறதுக்குள்ள தின்னு முடிச்சிடும். அந்த வித்தையைத் தயிர்ல இருக்கிற பாக்டீரியா ஒண்ணுக்கு நாங்க கத்துக் குடுத்திருக்கோம்."

"அப்போ நான் காபி குடிக்கலாமா?"

"எத்தனை வேணும்னாலும் குடிங்க. வாய்க்குக் காபி. மூளைக்கு வெறும் சுடுதண்ணி."

அது வயிற்றிலேயே தங்கிவிடுமா என்று கேட்டான். தங்காது என்றார். ஒரு வாரம் உள்ளே அனுப்பாவிட்டால் தானாகப் போய்விடும், அதனால்தான் தினம் ஒரு பொட்டலம். சூடான எதிலும் கலக்கக்கூடாது. ஒரு கரண்டி தயிரில் கலந்து சாப்பிட வேண்டும், அறுபது நாளும் படிவத்தில் குறிக்க வேண்டும். பொட்டலத்தை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. சென்னியப்பன் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

பொடி வாயில் சுண்ணாம்புக்கட்டி போல் நறநறத்தது. மூன்று நாள் பொறுத்தான். நாலாம் நாள் சாயங்காலம் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, மூன்று பொட்டலத்தை அதில் கொட்டி உறை ஊற்றிவிட்டான். காலையில் பார்த்தால் தயிர் கல்லாட்டம் நின்றது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. அருமையான ருசி. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலுக்கு ஊற்றினான். கிருமி தானாகப் பெருகும்போது தினம் ஒரு பொட்டலத்தை எதற்குக் கிழிப்பது? மீதி ஐம்பத்து நாலையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் ஏற்றினான். படிவத்தில் மட்டும் தவறாமல் குறித்தான்.

தலைவலி ஒன்பது நாள். காபியின் மேல் காபியாக ஊற்றிப் பார்த்தான், ஒன்றும் அசையவில்லை. மேசையில் ஓடும் துணி கஞ்சி போல் தெரிந்தது. முன்பு நாலு குறையை விட்டவன் அந்த வாரம் ஏழு விட்டான். கௌசிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

பத்தாம் நாள், மோட்டாரை நிறுத்தியது போல் வலி நின்றது. அன்று ஒன்பதரைக்குப் படுத்தான். அடுத்து அவனுக்குத் தெரிந்தது காலை ஆறு மணி. எட்டரை மணி நேரத்தை யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். எடுத்துப்போனவன் நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தான்.

பதினாறாம் நாள் மிதிகட்டையை அழுத்தி மேசையை நிறுத்தினான். வெள்ளைத் துணியில் ஒரே ஒரு கண்ணி விட்டிருந்தது. கடுகில் பாதி. மூன்று கேமரா அதைப் பார்த்துவிட்டு நல்ல துணி என்று அனுப்பியிருந்தன. அவன் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றான். பத்தொன்பது வருடமாகப் பார்த்த துணி. அதில் சாய்வாக ஒரு வரி ஓடுகிறது, வெளிச்சம் படும் இடத்தில் மீன் முதுகு போல் மின்னுகிறது என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் காரணம் இல்லாமல் சிரித்தான். பக்கத்து மேசைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவன் குடியிருந்தது லைன் வீடுகளில். ஒரே கூரை, ஒரே வரிசை, பதினொரு வீடு, நடுவில் ஒரு குழாய். பக்கத்து வீடு எஸ்தருடையது. தனியார் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ், பதினாலு வருடமாக இரவு டூட்டி. கணவன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர்.

ஒரு மத்தியானம் எஸ்தர் டம்ளரோடு வந்து நின்றாள்.

"சென்னியண்ணா, ஒரு கரண்டி உறை குடுங்க. எங்க ஊட்டுத் தயிரு நூலாட்ட இழுக்குது."

சென்னியப்பன் ஒரு நொடி தயங்கினான். அந்த லைனில் சர்க்கரை இல்லை என்று சொல்லலாம், சிலிண்டர் இல்லை என்று சொல்லலாம். அடுப்படியில் தயிர்ச் சட்டி தெரிகிறபோது உறை இல்லை என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் அந்த வீட்டோடு பேச்சே அற்றுப்போகும். பொட்டலத்தைத்தானே கொடுக்கக்கூடாது என்றார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றினான்.

"என்னங்கண்ணா இது, வெட்டி எடுக்கணுமாட்ட இருக்குது" என்று எஸ்தர் வியந்தாள். வியந்ததோடு நிற்கவில்லை. நாலு நாளில் அந்தத் தயிர் மூன்றாவது வீட்டில் இருந்தது. மூன்றாவது வீட்டிலிருந்து ஆறாவது. மூன்று வாரத்தில் பதினொரு வீட்டிலும் ஒரே தயிர்.

முதலில் தலைவலி வந்தது. வரிசையாக, வீடு வீடாக. ஒருவர் போர் தண்ணீர் மேல் பழி போட்டார், ஒருவர் புதிதாக வந்த டவர் மேல். குழாயடியில் எல்லார் நெற்றியிலும் தைலம் மணத்தது. பிறகு ஒவ்வொரு வீடாகத் தலைவலி அடங்கியது. அடங்கிய வீட்டில் ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது.

ஆறாவது வீட்டில் புருசன் பெண்டாட்டி சண்டை அந்த லைனுக்கே கடிகாரம். அது நின்றுபோனது. சண்டை போட விழித்திருக்க வேண்டும் அல்லவா. மூன்றாவது வீட்டுத் தையல்காரப் பெண் ஊசியை ஒரே தடவையில் கோத்துவிட்டு, சந்தேகத்தோடு மறுபடி அவிழ்த்துக் கோத்துப் பார்த்தாள். காலையில் குழாயடியில் தண்ணீருக்கு முந்துகிறவர்கள் இப்போது, "நீங்க பிடிங்க, நான் அப்புறம் பிடிச்சுக்கறேன்" என்றார்கள். அப்படி ஒரு வார்த்தை அந்த இடத்தில் அதுவரை கேட்டதில்லை.

முக்குப் பேக்கரி மாதப்பனுக்குத்தான் தலை சுற்றியது. "ஏனுங் சென்னியப்பா, உங்க லைன்காரங்களுக்கு என்னாச்சு? சோறு தின்னுட்டு ராத்திரி எட்டரைக்கு வந்து காபி கேக்கறாங்க. ஸ்ட்ராங்கா போடுங்க, ஒண்ணும் ஏற மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. ரெண்டு குடிச்சுப்போட்டு கொட்டாவி விட்டுக்கிட்டே போறாங்க."

"யாவாரம் நல்லதுதானுங்களே."

"யாவாரம் நல்லதுதான். எனக்குத்தான் என் டிகாஷன் மேலயே நம்பிக்கை போச்சு."

சென்னியப்பன் சிரித்தான். உண்மையாகவே அவனுக்குப் பெருமையாக இருந்தது. தானொருவன் ஒரு லைனையே தூங்க வைத்திருக்கிறான்.

அந்தப் பெருமை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை இருந்தது. அன்று எஸ்தர் குழாயடித் திண்டில் குடத்தை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் போய்க் குழாயை மூடினான்.

"என்ன அம்மிணி, உடம்பு சரியில்லையா?"

"மெமோ குடுத்துட்டாங்கண்ணா." அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "முந்தாநேத்து டூட்டில தூங்கிட்டேன். சும்மா நாற்காலில உக்காந்தேன், மூணு மணிக்கு. முழிக்கறப்ப மூணே முக்கால். ஒரு பேசன்டுக்கு ட்ரிப் தீந்து, மெசின் கத்தி, அடுத்த வார்டு புள்ள ஓடியாந்து பாத்திருக்கா."

"அந்த ஆளு?"

"நல்லா இருக்காரு. ஆனா நல்லா இல்லாமப் போயிருக்கலாமில்ல?" அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும். "பதினாலு வருசத்துல ஒரு நாள் கண்ணசந்ததில்லை. அஞ்சு காபி குடிச்சேன் அன்னிக்கு. தண்ணியாட்டம் இருக்குது. சுகர் பாத்தேன், தைராய்டு பாத்தேன், எல்லாம் சரியா இருக்குதாம். எனக்கு என்னமோ ஆகிப்போச்சுங்கண்ணா. திங்கட்கிழமை விசாரணை."

சென்னியப்பன் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்தான். சொல்லிவிட வாயெடுத்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆய்வு நிற்கும், தயிர் போகும், தூக்கம் போகும், கண் போகும். டெஸ்டுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனான்.

மனசாட்சி குத்தினால் தூக்கம் வராது என்பார்கள். வந்தது. அன்றும் முழுசாக எட்டரை மணி நேரம் தூங்கினான். காலையில் எழுந்தபோது அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி வேலை போகும் பயத்தில் கிடக்க, இவன் அவளுக்கு ஊற்றியதையே தின்றுவிட்டு வாய் பிளந்து தூங்கியிருக்கிறான்.

சனிக்கிழமை விடுப்பு சொல்லிவிட்டுக் கோவைக்கு பஸ் ஏறினான்.

டாக்டர் பர்வீன் பாதி வரைக்கும் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உறை ஊத்தினீங்களா?"

"ஆமாங்க."

"பதினொரு வீட்டுக்கா?"

"நான் ஒரு வீட்டுக்குத்தானுங்க. மீதி தானாப் போச்சு."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "காத்துல பரவுமா, தண்ணியில பரவுமா, எச்சில்ல பரவுமா, எல்லாம் மூணு வருசம் சோதிச்சோம். இதை யாரும் யோசிக்கலை. நாங்க இருவது பேர் இங்க. இருவது பேரும் பாக்கெட் தயிர் வாங்கறவங்க."

"இப்ப என்னங்க பண்றது?"

"நான் மேல எழுதணும். ஆய்வை நிறுத்துவாங்க. அத்தனை சட்டியையும் எடுக்கணும். நர்ஸுக்குக் கடிதம் தர்றேன். ஆனா முதல்ல அவங்ககிட்ட யார் சொல்றது? நானா, நீங்களா?"

"நான் சொல்றனுங்க" என்றான் சென்னியப்பன்.

அன்று சாயங்காலம் அவன் சொன்னதை எஸ்தர் முழுவதும் நின்றுகொண்டே கேட்டாள். கத்தவில்லை. உள்ளே போய்த் தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"நான் ரத்தம் குடுத்துச் சோதிச்சிட்டு வந்தேனுங்கண்ணா. எனக்கு மூளையில கட்டி இருக்குமோன்னு கூட நெனச்சேன். குழாயடியில உக்காந்து உங்ககிட்டத்தான் சொன்னேன். நீங்க குடத்தைத் தூக்கி வச்சுட்டுப் போனீங்க."

"தப்புத்தான் அம்மிணி."

"என் வவுத்துக்குள்ள என்ன போகணும்னு நான் சொல்லணும். நீங்க நல்லதுக்குப் பண்ணீங்களோ கெட்டதுக்குப் பண்ணீங்களோ, அது வேற."

அவன் குனிந்து சட்டியை எடுத்து ஓரமாக வைத்தான்.

"திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு வந்துருங்க" என்றாள். "இதையே அங்க வந்து சொல்லுங்க. வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க, இப்படி வந்தா நம்ப மாட்டாங்க."

நர்சிங் கண்காணிப்பாளர் அறையில் சென்னியப்பன் வெள்ளைச் சட்டையில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் பர்வீனின் கடிதத்தை அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"சரி. தப்பு தயிர் மேலன்னு எழுதிக்கலாம். எஸ்தர், அதை விட்டுடுங்க. மெமோவை நான் எடுத்துடறேன். வழக்கம்போல டூட்டிக்கு வாங்க."

எஸ்தர் எழுந்திருக்கவில்லை. "மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பன்னெண்டு மணி நேரம், வாரத்துல ஆறு ராத்திரி. பதினாலு வருசமா அதை நான்தான் பாக்கறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். காபி வேலை செய்யலைன்னதும் மூணு மணிக்கு விழுந்துட்டேன். அப்போ இத்தனை வருசம் டூட்டி பாத்தது நானுங்களா, காபிங்களா?"

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். மேசைமேல் அவருடைய கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் கொஞ்சம் சிரமப்பட்டார் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் பர்வீன் இரண்டு பேரோடும் நீலப் பெட்டிகளோடும் லைனுக்கு வந்தார். பதினொரு வீட்டுச் சட்டிகளும் குழாயடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சென்னியப்பன் ஐம்பத்து நாலு பொட்டலம் இருந்த டப்பாவையும் கொண்டுவந்து வைத்தான். எல்லார் முன்னாலும் அவன் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது வீட்டுப் பெண் திட்டினாள். ஒன்பது நாள் தலைக்குத் தைலம் வாங்கியதைச் சொல்லித் திட்டினாள். ஆறாவது வீட்டுக்காரருக்கு வேறு வருத்தம்.

"சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க. எங்களைக் கேட்டிருந்தா குடுங்கன்னுதான் சொல்லியிருப்போம்."

"அப்போ கேட்டிருக்கணும்" என்றாள் எஸ்தர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சட்டிகளில் மருந்தை ஊற்றிப் பெட்டியில் அடைத்த பிறகு, சென்னியப்பன் டாக்டர் பர்வீனைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டான்.

"ஒரு வாரத்துல எல்லாம் பழையபடி ஆயிருமுங்களா?"

"என்ன பழையபடி?"

"தூக்கமுங்க."

அவர் நின்றார். "உங்களுக்கு இன்னும் விளங்கலையா? இந்த அம்பது நாளா உங்க மூளைக்கு ஒரு சொட்டு காஃபின் போகலை. நீங்க எப்பவோ விட்டுட்டீங்க, சென்னியப்பன். அந்தத் தலைவலிதான் விட்டதுக்கு விலை. அதையும் குடுத்து முடிச்சிட்டீங்க. உங்க கைக்கும் வாய்க்கும் மட்டும்தான் இன்னும் சேதி போகலை."

"அப்போ?"

"அப்போ குடிக்காதீங்க, அவ்வளவுதான். குடிச்சே ஆகணும்னா காலையில ஒண்ணு. அதுக்கு மேல போனா, பழகாத உடம்புல ஏறுற மாதிரி ஏறும். பதினொண்ணு குடிச்சீங்கன்னா இந்தக் கூரைமேல ஓடுவீங்க."

இவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. எளிதாகவும் இல்லை. உடம்பு கேட்கவில்லை, கை கேட்டது. பத்தரை மணிக்கு அது தானாக டம்ளரைத் தேடிப் போகும். மாதப்பன் அவனுக்குச் சுக்கு மல்லி போட்டுக் கொடுத்தான். "உங்களுக்காகப் போட்டேன், இப்ப உங்க லைன் மொத்தமும் இதைத்தான் கேக்குது. ஒரு டிகாஷனும் ஏறாம இருந்ததுக்கு இது பரவாயில்லை" என்றான். லைனில் நாலைந்து பேர் பழைய காபிக்கே திரும்பிப் போனார்கள். ஆறாவது வீட்டில் சண்டை மறுபடி ஆரம்பித்தது, ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்றவர்கள் காலையில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குத் தெரியாமல் எதையும் ஊற்றவில்லை.

எஸ்தர் விடுப்பு போட்டு ஒரு வாரம் தூங்கினாள். திரும்பிப் போனபோது அவளோடு பதினேழு நர்ஸுகள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரவு டூட்டியில் நாங்கள் காபியோ டீயோ குடிக்கமாட்டோம், அதற்குத் தகுந்தபடி டூட்டி போடும்படி கேட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான் கடிதம். யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. யாரும் கோஷம் போடவில்லை. காபி குடிக்கமாட்டோம் என்கிறவர்களை எந்த விதியில் தண்டிப்பது என்று நிர்வாகம் புத்தகம் புத்தகமாகப் புரட்டியது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. குடியுங்கள் என்று எழுத்தில் கொடுக்கவும் முடியவில்லை. முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்பு டூட்டி எட்டு மணி நேரமாக மாறியது. நடுவில் அரை மணி நேரம் படுத்துக்கொள்ள ஒரு அறை, அப்போது பார்த்துக்கொள்ள மாற்று ஆள்.

அந்தச் செய்தியை எஸ்தர் குழாயடியில் எல்லாருக்கும் சொன்னாள். சென்னியப்பனிடம் அவள் மறுபடி பேச ஆரம்பித்தது அன்றுதான்.

"உங்க மேல கோவம் போகலீங்கண்ணா" என்றாள். "இருந்தாலும் சொல்றேன். டூட்டி மாத்தின நோட்டீஸைப் படிக்கறப்ப எங்க மேடத்துக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அந்தம்மாவும் இருவத்தாறு வருசம் நைட் பாத்தவங்களாம்."

கார்த்திகை கடைசியில் டெஸ்ட் நடந்தது. காலை ஒன்பது மணி, இருபது ரோல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கௌசிக்கும் இன்னும் இரண்டு பேரும். துணி ஓடியது. சென்னியப்பன் பார்த்தான். மிதிகட்டையை அழுத்தினான், குறி போட்டான், விட்டான். நடுவில் ஒரு தடவைகூட அவன் வேறு எங்கும் போகவில்லை. இருபதாவது ரோல் முடிந்தபோது பசித்தது, அவ்வளவுதான்.

கௌசிக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"நாப்பத்தொண்ணு போட்டிருக்கீங்கண்ணா. நாங்க வச்சதே நாப்பதுதான்."

"பதிமூணாவது ரோல்ல ஓரத்துல ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்குதுங்க. அது நீங்க வச்சது இல்லீன்னா, மெசின் வச்சது."

மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மற்ற இருவரும் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். கௌசிக் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தான். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணா, உங்களை நைட்டுக்குப் போடறேன். நைட்ல போற சரக்குலதான் அதிகம் திரும்பி வருது. உங்க கண்ணு அங்கதான் வேணும். சூப்பர்வைசர் போஸ்ட். காபி எல்லாம் கம்பெனியே குடுத்துரும்."

சென்னியப்பன் சற்று நேரம் யோசித்தான். யோசிக்க வேண்டியது ஒன்றும் இல்லை, மரியாதைக்காக யோசித்தான்.

"வரலீங்க தம்பி."

"ஏனுங்கண்ணா? எல்லாரும் கேக்கற போஸ்ட்."

"நீங்க பாத்த கண்ணு தூங்கின கண்ணுங்க. நைட்டுக்குக் கூட்டிட்டுப் போனா இது வராது. பழைய கண்ணுதான் வரும். அதை வச்சு என்னங்க பண்ணுவீங்க?"

கௌசிக் காகிதத்தை மடித்தான், பிரித்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். சென்னியப்பன் வேலை போய்விட்டது என்றே நினைத்தான். இவ்வளவுதானே, வேறு கம்பெனியில் வேறு மேசை இல்லாமலா போகும் என்று எண்ணிக்கொண்டு எழத் தயாரானான்.

"பகல்லயே இருங்கண்ணா. நான் எழுதிக்கறேன்." கௌசிக்கின் குரல் தாழ்ந்துவிட்டது. "அண்ணா... அந்தத் தயிரு. ஊரெல்லாம் பேசிக்கிட்டாங்களே. எங்கயாவது ஒரு வீட்டுல கொஞ்சமாவது மிச்சம் இருக்குமா?"

அப்போதுதான் சென்னியப்பன் அவனை நன்றாகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இமை லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. விரல் நுனி மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது, தட்டுவது அவனுக்கே தெரியாமல். மூன்று மாதமாக இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று நினைத்தான்.

"எத்தனை நாளாச்சுங்க தம்பி?"

"ரெண்டு வருசம்."

"தயிரு எதுக்குங்க. அதைக் கீழ வச்சுருங்க" என்று கௌசிக் கையிலிருந்த கோப்பையைக் காட்டினான் சென்னியப்பன். "நாலு நாள் தலை வலிக்கும். அப்புறம் நீங்களே வந்து சொல்லுவீங்க."

கௌசிக் கோப்பையைப் பார்த்தான். கோப்பைக்குள் பார்த்தான். பிறகு அதை மேசையின் அந்தக் கோடியில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தான்.

"நாலே நாள்தானுங்களா?"

சென்னியப்பன் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினான்.

"ஒம்பதுங்க. நாலுன்னு சொன்னாத்தான் கீழ வைப்பீங்கன்னு சொன்னேன்."